வெர்னாவுக்குக் கொடுத்த நாற்காலி

வெர்னா ஹாட்ஜுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சமுதாயக் கல்லூரியின் நிர்வாகக் குழுவில் அவளை உறுப்பினராக நியமித்திருக்கிறார்களாம். யார்? கவுண்டி மன்றத்துக்காரர்கள், அதாவது மாவட்ட நிர்வாகத்தை நடத்துகிறவர்கள்! ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் அவள் போன மாதம்தான் அவர்கள் கூட்டத்துக்கே போய், "கல்லூரியோட பைன் ஃபோர்க் கிளையை மூடினீங்கன்னா உங்க ஒருத்தன் தலையிலயும் இனி என் கத்திரி படாது" என்று கத்திவிட்டு வந்திருந்தாள். அவள் மனுப் போடவில்லை, யார் காலையும் பிடிக்கவில்லை. ஆனாலும் அத்தனை பேரும் ஒருமனதாகக் கை தூக்கியிருக்கிறார்கள்.

"ஏண்டி, நான் திட்டினது அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சோ?" என்று மகள் லேசியிடம் கேட்டாள்.

லேசி அந்தக் கிளையில்தான் செவிலியர் உதவியாளர் வகுப்பு எடுக்கிறாள். "திட்டு வாங்கிட்டு விருந்து வைக்கிற ஆளுங்களா அவங்க? எனக்கென்னவோ சரியாப் படலைம்மா."

"உனக்கு எதுதான் சரியாப் பட்டிருக்கு!"

கிளை மூடினால் மலைக்கு இந்தப் பக்கத்துப் பெண்கள் படிப்பதற்குக் கணவாய் தாண்டித்தான் போக வேண்டும். பனிக்காலத்தில் எவள் போவாள்? கிளை நடக்கும் கட்டடத்தின் குத்தகையைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. குழுவில் ஏழு பேர். மூன்று பேர் கிளையின் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். ஏழாவது ஆள் தீவனக்கடை ஓர்வில் டேட். அவருடைய பதவிக்காலம் கோடையிலேயே முடிந்துவிட்டது. புது ஆள் பதவிப் பிரமாணம் எடுக்கும்வரை பழைய ஆளே உட்காரலாம் என்பது விதி, அதனால் உட்கார்ந்திருந்தார். பாதிக் கூட்டம் தூங்குவார். எழுந்தால் பெரிய மனுஷன் பக்கம்தான் கை தூக்குவார் என்று வெர்னா முடிவு கட்டியிருந்தாள்.

மன்றத் தலைவர் ராய்ஸ் டாக்கெட் அவரே போன் பண்ணினார். "வெர்னாம்மா, ஓட்டெடுப்புக்கு முன்னாடியே பிரமாணம் எடுத்துடுங்க. கோர்ட்டு கிளார்க்கை நானே கூட்டிட்டு வரேன். உங்க மாதிரி குரல்தான் எங்களுக்கு வேணும்."

கிளையை மூடச் சொல்கிற ஆளே இந்த ராய்ஸ்தான். இவனுக்கு என்ன வந்தது? வெர்னா போனை வெறித்துப் பார்த்தாள். சரி, எவன் புத்தி எப்படிப் போனால் நமக்கென்ன, ஒரு கை கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பைன் ஃபோர்க்கிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். வெர்னா பைபிள் மேல் கை வைத்துப் பிரமாணம் எடுத்ததும் கூரை பிய்ந்துவிடும்போல் கைதட்டினார்கள். ஓர்வில் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க ஓர்வில்."

"எனக்கென்னம்மா வருத்தம்? முதுகுவலிதான் மிச்சம். குத்தகைக்கு நான் சரின்னு சொல்றதா இருந்தேன். ராய்ஸ் தினமும் கடைக்கு வந்து என்னைக் கரைச்சுப் பாத்தான், நான் அசையல. இனி நீ சொல்லிடு."

வெர்னாவுக்குத் தலை சுற்றியது. இவரும் நம் பக்கமா? அப்படியானால் இவரை எடுத்துவிட்டு என்னை ஏன் உட்கார வைத்தான்? உட்கார்ந்து பெயர்ப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தபோதே கல்லூரி வக்கீல் அவள் காதருகே குனிந்தார்.

"அம்மா, இந்த ஓட்டுல நீங்க கலந்துக்க முடியாது. உங்க மக அந்தக் கிளையிலதானே சம்பளம் வாங்குறாங்க? சொந்த ஆதாயம்னு ஆயிடும்."

"பேசவாவது பேசலாமா?"

"இந்த விஷயத்துல அதுவும் கூடாது."

"அப்போ எனக்கு இந்த எழவு வேண்டாம். நான் எந்திரிச்சுக்கிறேன், ஓர்வில் உக்காரட்டும்."

"நீங்க பிரமாணம் எடுத்த நிமிஷமே அவர் பதவி போச்சும்மா. நீங்க விலகினா நாற்காலி காலியாத்தான் கிடக்கும்."

"மூணுக்கு மூணு வந்தா?"

"தீர்மானம் தோத்துப்போகும்."

அடப் பாவிகளா! முன்வரிசையில் ராய்ஸ் காலை நீட்டி உட்கார்ந்து அவளைப் பார்த்துத் தலையாட்டினான். அந்த மூஞ்சியிலேயே ஒன்று வைக்க வேண்டும்போல் அவளுக்குக் கை பரபரத்தது.

பெயர்கள் கூப்பிட்டார்கள். மூன்று சரி, மூன்று வேண்டாம். "வெர்னா ஹாட்ஜ்?"

"சொல்லு வெர்னாக்கா!" என்று பின்னாலிருந்து கூவினார்கள்.

"நான் ஓட்டுப் போடல."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் லேசியின் மாணவி பானி எழுந்தாள். "நாற்காலி கெடச்சதும் வாய் அடைச்சுப் போச்சா?"

வெர்னா வாயைத் திறந்தாள். வக்கீல் அவள் சட்டைக் கையைத் தொட்டார், மூடிக்கொண்டாள். தீர்மானம் தோற்றது என்று குழுத் தலைவர் அறிவித்தார். நாற்காலிகள் தரையில் உரசின. லேசி மட்டும் வாசலில் நின்று, "ஏம்மா?" என்று உதட்டசைத்துக் கேட்டாள். பின்னால் வந்த கூட்டம் அவளையும் தள்ளிக்கொண்டு வெளியே போனது.

"அடுத்தது, புது உறுப்பினர் அறிமுகம்," என்றார் குழுத் தலைவர். "இப்ப நீங்க தாராளமாப் பேசலாம் வெர்னா."

அவள் எழுந்து நின்றாள். வெளியே பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. ராய்ஸ் ஒருவன்தான் கைதட்டினான்.