வெள்ளிக்கிழமைக் கரி

பேராசிரியர் சோலையப்பனுக்குத் தன்னைப் பற்றி எப்போதுமே பெரிய நினைப்பு. சுங்கை வே ஊரில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து ஆராய்ச்சி மாணவி கிறிஸ்டின் அதைச் சகித்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது அந்த நினைப்புக்குக் கொம்பும் முளைத்திருந்தது.

எந்தச் சுடரிலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத கரிமணிகள் பிறக்கும். பிறகு ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாக நீளும். செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், எரியும் சுடரில் மட்டும் அவை உருண்டையாகச் சுருள்கின்றன என்று மனிதர் ஆய்விதழுக்கு எழுதி, அந்த உருண்டைக்குத் தன் பெயரையே சூட்டிவிட்டார். சூட்ட வேறு ஆள் முன்வரவில்லை போலும்.

ஆய்விதழ்க்காரர்கள் இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார்கள். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து கிறிஸ்டின் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் சுடரை எரித்தாள். மூன்று நாளும் வெறும் சங்கிலிதான். குற்றம் அவள் கையில்தான் என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் தீர்ப்புச் சொன்னார். உருண்டை வராவிட்டால் அவளுடைய முனைவர் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டாராம்.

அன்று மாலை பழைய பதிவுகளைப் புரட்டினாள். உருண்டை வந்தது அத்தனையும் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் காலையில் அவர் சாம்பிராணித் தட்டோடு வந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் புகை காட்டுவார். சுடருக்குக் காற்று இழுக்கும் விசிறி அந்தப் புகையையும் சேர்த்து இழுத்திருக்கிறது. மூன்று வருடமாகப் பக்கத்திலேயே கைகட்டி நின்ற தன் மூளையின் மீதும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

தேவாலயத்துக்குப் போகிறவள் சாம்பிராணியைக் குறை சொன்னால் பேச்சு மதத்துக்குத் திரும்பிவிடும். அதனால் மறுநாள் வியாழனன்று, ஒரு பூஜை போட்டுப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். இந்தப் பெண்ணுக்கு இப்போதாவது பக்தி வந்ததே என்று அவர் பூரித்துப்போய்த் தட்டை ஏந்திவந்தார். மதியம் நுண்ணோக்கி நிறைய உருண்டைகள்.

சாம்பிராணியின் பிசின் ஆவி சங்கிலியின் மேல் படிந்து, நனைந்த கூந்தலைப் போல அதைச் சுருக்கிவிடுகிறது என்று அவள் விளக்கினாள். அவர் காதில் எங்கே ஏறியது!

"பாத்தியா, வந்துருச்சு லா. இனிமே டெய்லி பூஜை போட்டுட்டு ஆரம்பிப்போம்."

முடிவு உறுதியாகிவிட்டதாக எழுதி அனுப்பச் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். கிறிஸ்டின் எழுதினாள். சாம்பிராணி இல்லாத நாளின் படத்தையும் இருந்த நாளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதி, அவருக்கும் ஒரு பிரதி போட்டு ஆய்விதழுக்கு அனுப்பினாள். தன் பட்டமும் அதோடு போகிறது என்று தெரிந்துதான் அனுப்பினாள்.

அரைமணி நேரத்தில் கூப்பிட்டு அனுப்பினார். முகம் சிவந்திருந்தது. வேறு மதத்துக்காரி என்பதால் பூஜையைக் கேவலப்படுத்திவிட்டாள் என்றார்.

"எங்க சர்ச்லயும் சாம்பிராணி போடுறாங்க சார்," என்றாள் கிறிஸ்டின். "சாமி மேலயும் தப்பு இல்ல, புகை மேலயும் தப்பு இல்ல. மூணு நாளா சங்கிலிதான் வந்துச்சு. அத நீங்க ஒரு தடவ கூட வந்து பாக்கல. என் கைதான் சரியில்லன்னு மட்டும் சொன்னீங்க."