உறை பிரிக்காத மாப்பிள்ளை

செண்பகத்துக்கு வாய்த்த மாப்பிள்ளை பிளாஸ்டிக் உறையோடுதான் வந்தான். பீரோவுக்கும் மெத்தைக்கும் உறை இருந்தது. மாப்பிள்ளைக்கும் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் கோமதிநாயகம். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தான்.

பிரித்தால் பழசாகிவிடும் என்று ஊரே சொன்னது. உறை பிரித்த புருஷன்மார் அந்தத் தெருவில் நிறைய இருந்தார்கள். பனியனோடு வாசலில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். பெண்டாட்டி எதிரே வந்து நின்றால், அவளைத் தாண்டி வேறு யாரோ வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். தன் புருஷனுக்கு அந்தக் கதி வரவே கூடாது என்பதில் செண்பகம் பிடிவாதமாக இருந்தாள். காலையில் எழுந்ததும் ஈரத்துணியால் அவனைத் துடைத்துவிடுவாள்.

அவன் பேச்சு உறையைத் தாண்டி வர நேரமாகும். காலையில் சொன்னது மத்தியானம்தான் சமையலறைக்கு வந்து சேரும். இந்தச் சேலை உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று அவன் சொன்னது காதில் விழும்போது அவள் சேலையை மாற்றியிருப்பாள். அம்மா கேட்டபோது ஒரு குறையும் இல்லை என்றாள். அவன் உள்ளங்கை சூடா குளிர்ச்சியா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. அதை நினைத்துச் சில நாள் அடுப்படியில் நின்று அழுதாள்.

ஒருநாள் துடைக்கும்போது உறைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அவன் விட்ட மூச்செல்லாம் வடிந்து தேங்கியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்த அவன் அண்ணன் மனைவியைக் கூட்டி வந்து காட்டினாள். மதினி விரலை மடக்கி அவன் முழங்காலில் தட்டிப் பார்த்தாள்.

"பெருமூச்சு ஜாஸ்தி. புது மாப்பிள்ளைக்கு உள்ளதுதான். கிழிச்சிராத."

"தலைக்கு மேல போயிட்டா மதினி?"

"அப்பவும் புதுசாத்தான இருப்பாரு."

மதினி காபி குடித்துவிட்டுப் போனாள்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அவன் அப்படியே வேலைக்குப் போய்த் திரும்பினான். மார்புக்கு வந்தபோது கூடவே இரண்டு மீன்களும் வந்தன. அவன் அவற்றைப் பார்த்துச் சிரித்தான். செண்பகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

தண்ணீர் மோவாயைத் தொட்டது. அன்றைக்கு மட்டும் அவன் குரல் உடனே வந்தது.

"செம்பகம், நான் பழசாயிட்டா உனக்குப் பிடிக்காமப் போயிருமா?"

"தெரியலங்க. ஆனா நீங்க இருக்கணும்."

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து உறையை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். தண்ணீர் வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது. அவரவர் வாசலில் இருந்த புருஷன்மார் காலைத் தூக்கி அதற்கு வழிவிட்டார்கள். மீன்களும் போயின.

கோமதிநாயகம் நனைந்து நின்றான். அவள் ஓடிப்போய் அவன் மார்பில் முகத்தைப் புதைத்தாள். சூடு இல்லை. வாசனை இல்லை. கையைப் பிடித்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. இவ்வளவு சீக்கிரமாகவா பழசாகிப் போனான் என்று அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். கன்னத்தில் விரலை வைத்தான். சரசரவென்று சத்தம் கேட்டது.

"உனக்கு இன்னும் பிரிக்கலையேட்டி," என்றான்.

அவள் காதுக்குப் பின்னால் செலோடேப்பின் நுனியைத் தேடி நகத்தால் மெதுவாகச் சுரண்டத் தொடங்கினான். அவள் அவனுக்கு வாகாகத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.