அவரை எப்படித் தெரியும்?

"இன்னிக்கு யாரு செத்தது?" என்று கேட்டான் டுவைட்.

லோர்னா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல், "வாரன் டீக்னு ஒருத்தர்," என்றாள்.

"யாரு அந்த டீக்?"

"உனக்குத் தெரியாது."

"நான் இந்தக் கார்வெல் ஊருலயே பொறந்து வளந்தவன். எனக்குத் தெரியாத ஆளுங்க உனக்கு மட்டும் எங்கேருந்து கிடைக்கிறாங்க? அதுவும் செத்தவங்களாப் பாத்து."

அவள் கறுப்புக் கவுனின் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடி தேய்த்தாள். டுவைட் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தான். முதுகைப் பிடித்துக்கொண்டே போய்க் குளிர்பெட்டியைத் திறந்தான். உள்ளே அவனுடைய இன்சுலின், பாதி வெங்காயம், தண்ணீர் ஜாடி. அவற்றைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றான். இன்னும் ஏதாவது இருந்திருந்தால் அவனுக்கு வேறு பேச்சு கிடைத்திருக்கும்.

"வியாழக்கிழம சர்ச்சுல மளிகை குடுக்கறாங்க," என்றாள் லோர்னா, எத்தனையாவது முறையாகவோ.

"மெயின் ரோட்டுல, ஊரே பாக்க, வரிசைல போயி நிக்கச் சொல்றியா? எங்கப்பா அந்த ரேடியேட்டர் ஃபாக்டரில மேஸ்திரியா இருந்தவரு. எங்க வீட்டுல யாரும் கையேந்தினது கிடையாது."

"சரி, விடு."

"விட்டுட்டேன்."

அவன் குளிர்பெட்டியை மூடினான். அந்த வீட்டில் அநேகமாக எல்லாப் பேச்சும் இப்படித்தான் முடியும். பிறகு ஆளுக்கொரு அறை.

இல்லாமை அவர்கள் வீட்டுக்குள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் டுவைட்டும் வேலை பார்த்த ஃபாக்டரி போனது, கூடவே டுவைட்டின் முதுகும் போனது. பிறகு நெடுஞ்சாலை ஓரமாகப் பெரிய அங்காடி ஒன்று வர, ஊருக்குள் இருந்த ஒரே காய்கறிக் கடையை மூடிவிட்டார்கள். அந்த அங்காடிக்குப் போகக் கார் வேண்டும். சென்ற இலையுதிர் காலத்தில் அவர்களுடைய காரின் கியர்பெட்டி உடைந்தது. மிஞ்சியது மலிவுச் சாமான் விற்கும் டாலர் கடைதான். அங்கே விதவிதமாக பிஸ்கட் கிடைக்கும், முட்டைக்கோஸ் கிடைக்காது. பிஸ்கட்டைத் தின்றால் டுவைட்டுக்குச் சர்க்கரை ஏறும். லோர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். ஆனால் கோடை விடுமுறையில் பிள்ளைகளும் இல்லை, சம்பளமும் இல்லை. அரசாங்க உணவு அட்டை கேட்டுப் போனபோது, டுவைட்டின் முதுகுக்காக வரும் உதவித்தொகை வரம்புக்குச் சற்று மேலே நிற்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் மிகவும் இனிமையாகச் சொன்னாள். லோர்னாவும் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

துக்கச் சாப்பாடு தற்செயலாகத்தான் தொடங்கியது. பள்ளியில் கூட வேலை பார்த்தவளின் மாமியார் இறந்துபோனாள். அடக்கம் முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் வழக்கம்போல் சாப்பாடு. பன்றித்தொடை இறைச்சி, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, மெத்தென்ற பன், ஆப்பிள் பை என்னும் சுட்ட இனிப்பு. திரும்பும்போது ஒரு பொட்டலத்தையும் கையில் திணித்தார்கள். டுவைட் அதை வெட்கமில்லாமல் சாப்பிட்டான். துக்க வீட்டில் கொடுத்தனுப்புவது மரியாதை, அதைப் பிச்சை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதன் பிறகு லோர்னா இரவல் செய்தித்தாளில் முதலில் பார்ப்பது மரண அறிவிப்புகளைத்தான். முன்பின் தெரியாதவர்களின் துக்கத்துக்குப் போனாலும் யாரும் எந்தச் சான்றும் கேட்கவில்லை. "அவரை எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பார்கள். அதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. "ஒரு தடவ எனக்குப் பெரிய ஒத்தாசை பண்ணினாரு." மேற்கொண்டு யாரும் துருவமாட்டார்கள். யாரோ ஒருவரின் மகளோ மருமகளோ அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுவாள். வாரம் முழுக்க அவள் கையை வேறு யாரும் தொடுவதில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது வயிறு நிறைந்திருக்கும், நெஞ்சு மட்டும் திருடியவளுடையதுபோல் அடித்துக்கொள்ளும்.

வாரன் டீக்கின் அறிவிப்பில் படம் இல்லை. படம் போடத் தனிக் கட்டணம்.

அன்று தேவாலயத்தில் காலி இருக்கைகள்தான் அதிகம். முன்வரிசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். சவப்பெட்டியைத் தூக்க, அடக்கம் செய்யும் கம்பெனி ஆட்களே கைகொடுத்தார்கள். கூட்டம் இருந்தால் மறைந்துகொள்ளலாம். இங்கே லோர்னாவின் காலணிச் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். கீழ்த்தளத்திலிருந்து உருளைக்கிழங்கின் மணம் படியேறி வந்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

கீழே இறங்கினாள். மேசைமேல் ஒரு புகைப்படம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த லோர்னா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

பழுப்புக் கோட்டுக்காரர்.

அவரை அவளுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது. குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு துக்கச் சாப்பாட்டிலும் மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த கிழவர் அவர். ஒரு நாள் அவர் ஒரு பன்னைத் துடைப்புக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பையில் போடுவதை அவள் பார்த்துவிட்டாள். அவர் முகம் சிவந்தது. அவள் யோசிக்கவேயில்லை, தன் கைப்பையைச் சற்றே திறந்து, உள்ளே இருந்த தன் பொட்டலத்தைக் காட்டினாள். அவர் சிரிப்பை அடக்கக் காப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டார். அதிலிருந்து அவள் வருவதற்குள் பக்கத்து நாற்காலியில் தன் தொப்பியை வைத்து இடம் பிடித்திருப்பார். "வெளிய வழுக்குது, பாத்துப் போங்க," என்பார். அதற்கு மேல் இருவரும் பேசியதில்லை. பேசினால், செத்தவரை எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்துவிடும்.

"லோர்னா கண்ணு, கொஞ்சம் உள்ள வாயேன்."

கூப்பிட்டது மேக்சின். துக்கச் சாப்பாட்டுக்கும் வியாழக்கிழமை மளிகைக்கும் அவள்தான் பொறுப்பு. விடியற்காலையிலிருந்து அடுப்பு முன்னால் நின்றதில் முகம் வியர்த்திருந்தது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ இன்னிக்கு வருவேன்னு எனக்குத் தெரியும். சமையலுக்கு ஒத்தாசை பண்ற பசங்க உருளைக்கிழங்கைக் கிண்டும்போதே பந்தயம் கட்டினாங்க."

லோர்னா கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உன்னக் கேவலப்படுத்தறதுக்குச் சொல்லல. ஆனா இது துக்கத்துக்கு வர்றவங்களுக்குப் போடற சாப்பாடு. பசிக்கு வர்றவங்களுக்குத்தான் வியாழக்கிழம இருக்கே. எல்லாரையும் மாதிரி வரிசைல வந்து நில்லு, பேப்பரெல்லாம் எடுத்துட்டு வா. இப்படிச் செத்தவங்க பேரச் சொல்லி..." மேக்சின் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "இன்னொரு தடவ பாத்தேன்னா பாஸ்டர்கிட்ட சொல்லிருவேன். எனக்கு வேற வழி இல்ல."

அப்போது கதவு திறந்தது. முன்வரிசைப் பெண் நின்றிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, கண்கள் வீங்கியிருந்தன.

"மன்னிச்சுக்கோங்க. நான் காலீன். வாரனோட பொண்ணு." அவள் லோர்னாவைத்தான் பார்த்தாள். "நீங்க படத்தப் பாத்துட்டு அப்படியே நின்னதப் பாத்தேன். இங்க வந்திருக்கறவங்கள்ல அப்பாவ நிஜமாத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான் போலருக்கு. அவர எப்படித் தெரியும்?"

பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஒரு தடவ எனக்குப் பெரிய ஒத்தாசை பண்ணினாரு. அதைச் சொன்னால் போதும். மகளுக்கு ஆறுதல், இவளுக்கு ஒரு தட்டுச் சாப்பாடு. மேக்சின்கூட மகள் எதிரில் வாயைத் திறக்கமாட்டாள்.

அதற்குள் காலீன், "ஒருவேள அப்பா சொன்ன அந்த சிநேகிதி நீங்கதானா?" என்றாள். "நான் ரொம்ப தூரத்துல, ஃபீனிக்ஸ்ல இருக்கேன். ஞாயித்துக்கிழம போன் பண்ணுவேன். என்ன சாப்டீங்கன்னு கேட்டா, சர்ச்சுல சாப்ட்டேன், பக்கத்துல ஒரு அம்மா உக்காருவாங்கன்னு சொல்வாரு. பேரு என்னன்னா சொல்ல மாட்டாரு. பேரு கேக்கறது மரியாதை இல்லயாம். இந்த வயசுல காதலான்னு நான் ஓட்டுவேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவருக்கு ஒரு துணை இருக்குன்னு நானும் நிம்மதியா இருந்துட்டேன்."

அந்த மனிதர் மகளுக்காக ஒரு பொய்யைக் கட்டி வைத்திருந்தார். அந்தப் பொய்க்குள் லோர்னாவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார். அதை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் விட்டுவிட்டால், இந்த ஊரில் வாரன் டீக் எப்படி வாழ்ந்தார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"பக்கத்துல உக்காந்தது நான்தான்," என்றாள். "ஆனா நாங்க பேசிக்கிட்டதில்ல. அவரு பேரே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"புரியல."

"இங்க யாராவது செத்துப்போனா சாப்பாடு போடுவாங்க. செத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் சாப்பிடத்தான் வந்தோம்."

சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேக்சின் கை நீட்டி அதை நிறுத்தினாள்.

"அவருக்குச் சாப்பாட்டுக்கு இல்லயா?" காலீனின் குரல் எங்கிருந்தோ வந்தது. "வீடு இருந்துச்சே. சொந்த வீடு. கேட்டிருந்தா நான் அனுப்பியிருப்பேனே."

"கேக்கறதுதான் கஷ்டம்," என்றாள் லோர்னா.

காலீன் மேக்சின் பக்கம் திரும்பினாள். "இங்க மளிகை குடுக்கறதா வாசல்ல எழுதியிருக்கே. அங்க அவரு வந்ததே இல்லயா?"

மேக்சின் பொய் சொல்லத் தெரியாதவள். அதுதான் அவளுடைய பெருமை. மேலங்கியில் கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"ஒரு தடவ வந்தாரு. சொந்த வீடு இருக்குன்னு அவரே சொல்லிட்டாரு. சொத்து இருக்கறவங்களுக்குக் குடுக்கறதில்ல, அது கமிட்டி போட்ட விதி. நான் போட்டதில்ல."

"அந்த வீட்டோட கூரை ஒழுகுது. இந்த ஊர்ல யாரு வாங்குவா அத?"

"விதி அப்படித்தாங்க இருக்கு. தேங்க்ஸ்னு சொல்லிட்டு, தொப்பிய மாட்டிட்டுப் போயிட்டாரு. கோபமே படல." கடைசி வார்த்தைகளை அவள் தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள்.

காலீன் அடுப்புமேடையைப் பார்த்தாள். ஊரே வரும் என்று நினைத்துச் சமைத்தது. தட்டு தட்டாக, மூடி திறக்காமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இவ்ளோவும் எங்கப்பா பேருலயா?" என்றாள்.

மேக்சின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

சாப்பிடும்போது காலீன் லோர்னாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கவில்லை, அழவில்லை. சற்றுப் பொறுத்து, "அப்பா நல்லா சாப்பிடுவாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"மெதுவா சாப்பிடுவாரு. அந்த ஆப்பிள் இனிப்ப மட்டும் கடைசி வரைக்கும் தொடாம வச்சிருப்பாரு."

காலீன் தலையாட்டினாள். அந்த ஒன்றையாவது ஊருக்கு எடுத்துப்போகலாம் என்பதுபோல்.

புறப்படும்போது மேக்சினே ஒரு தட்டு நிறைய எடுத்து வெள்ளித் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். வாசல்வரை வந்தவள், லோர்னாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அடுத்த தடவயிலேருந்து குடும்பத்துக்காரங்க கூப்பிடறவங்களுக்கு மட்டும்தான் சாப்பாடுன்னு பாஸ்டர் பேசிட்டிருக்காரு. நான் போட்டுக் குடுத்தேன்னு நினைக்காத."

"நினைக்கல," என்றாள் லோர்னா.

வீட்டில் டுவைட் அதே நாற்காலியில் இருந்தான். தட்டின் கனத்தைப் பார்த்ததும் அவன் முகம் அவனை மீறி மலர்ந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டான்.

"பெரிய மனுஷன் போலருக்கு. கூட்டமா?"

"கூட்டமே இல்ல."

"ரொம்பக் கட்டாயப்படுத்திக் குடுத்தாங்களா?"

எப்போதும் "ஆமா" என்பாள். இன்று கைப்பையை மேசையில் வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வெகுநாளாகிவிட்டது. குளிர்காலத்திலிருந்து நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். செய்தித்தாள், தயாராக வைத்திருந்த அந்தப் பதில், பழுப்புக் கோட்டு, ஒழுகும் கூரை. அவன் முட்கரண்டியை எடுத்தான், வைத்தான்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீடு காலி, அதற்கடுத்த வீடும் காலி.

"நான் செத்தா யாரு வருவா, லோர்னா?"

"சாப்பாடு போட்டா வருவாங்க."

அவன் சிரித்தான். சிரிப்பு நடுவில் வேறு ஏதோவாக மாறியது. அவள் எழுந்து அவன் தோளில் கைவைத்தாள். தோள் இத்தனை மெலிந்துவிட்டது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"சாப்பிடு," என்றாள். "ஆறிடுச்சு."

அவன் உருளைக்கிழங்கைக் கொஞ்சம் வாயில் போட்டு நெடுநேரம் மென்றான். பிறகு தட்டைப் பார்த்தபடியே கேட்டான்:

"வியாழக்கிழம எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"

"பத்து மணிக்கு. ஆனா நமக்குக் கெடைக்காது, டுவைட். இந்த வீடு நம்ம பேருல இருக்கு."

"அப்ப?"

"அப்பவும் போவோம். குடுக்கலன்னா திரும்பி வர வேணாம். மெயின் ரோட்டுல, அவங்க வாசல்லயே நிப்போம். ஊரே பாக்கட்டும்."

டுவைட் தட்டை மேசையின் நடுவுக்கு நகர்த்தி, அவள் பக்கம் இன்னொரு முட்கரண்டியை வைத்தான்.