முள் இறங்கும் நேரம்

முள் மறுபடியும் இறங்கத் தொடங்கியது.

காலையிலிருந்து நூற்றுப்பத்து டிகிரியில் ஆணி அடித்தாற்போல் நின்ற வெப்பமானி முள். மெக்கானிக் கரியைக் கிளறவில்லை, மூடியைத் திறக்கவில்லை, காற்றுவாயைத் தொடவில்லை. வெளியே இலைகூட அசையவில்லை. அசைந்தாலும் அந்தக் காற்று உள்ளே வர வழி கிடையாது. வீட்டின் பின்சுவரை ஒட்டி இறக்கிய தகரச் சார்ப்பின் மூன்று பக்கத்தையும் அவன் கண்ணாடி மாதிரியான கனத்த பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்து, விளிம்பு விளிம்பாக டேப் ஒட்டியிருந்தான். நடுவில் டிரம். டிரம்மின் அடியில் கரி, மேலே கம்பித்தட்டில் ஆட்டுத் தோள்கறி. மூடியிலிருந்து கிளம்பிய புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனாலும் மதியச் சமையல் தொடங்கினால் முள் நூறு, தொண்ணூறு, எண்பது என்று படியிறங்கிப் போய்விடும். போன ஞாயிறும் இப்படித்தான். அதற்கு முந்தின ஞாயிறும்.

ஷீட்டில் ஜிப் வைத்த திறப்பு வழியாக உள்ளே நுழைந்து, டிரம்மின் அடியிலிருந்த காற்றுவாயை இன்னொரு விரல்கடை திறந்துவிட்டு வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கரிக்குப் பசி, காற்று கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அவன் கணக்கு. நெடுநேரம் கழித்து முள் ஏறவும் செய்தது. தான் திறந்ததால்தான் ஏறியது என்று நம்பினான்.

அவனுக்கு வேலை குளிர்பதனக் கிடங்குகளில். மீனும் மருந்தும் கெடாமல் வைத்திருக்கும் பெரிய பெரிய அறைகள். அந்தத் தொழிலில் ஒரே எதிரி கசிவுதான். கதவு ரப்பரில் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், குளிர் ஓடிவிடும், மெஷின் மூச்சிரைக்கும். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. எல்லா ஜன்னலுக்கும் ரப்பர் பட்டை, எல்லாக் கதவுக்கும் அடியில் பிரஷ். "எறும்பு வரணும்னாகூட உங்கள்ட்ட அனுமதி வாங்கணும்" என்பாள் மனைவி. அடைக்காமல் விட்டது ஒரே ஒரு ஜன்னல். சார்ப்புக்குள் திறக்கும் மாமனாரின் அறை ஜன்னல். அதை மூட அவர் விடவில்லை. "கறி வாசனை வர்றதே அந்த வழியாத்தான், மாப்ளே. அதையும் அடைச்சா நான் எதுக்கு உயிரோட இருக்கணும்?"

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்தே அவருக்காகத் தொடங்கியதுதான். பல்செட் கட்டின பிறகு அவரால் கறி மெல்ல முடியவில்லை. தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது கடைசியாக ஒரு துண்டை வாயில் போட்டுச் சப்பிவிட்டுத் துப்புவார். அதை ஒருநாள் மெக்கானிக் பார்த்துவிட்டான். கொதிக்கிற சூட்டில் வேகும் கறி இறுகிப்போகும். ஆனால் சின்னச் சூட்டில், மணிக்கணக்காக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருந்தால் உள்ளேயிருக்கும் நார்ச்சவ்வெல்லாம் உருகிப் பசையாகிவிடும். பிறகு கறியை நாக்காலேயே பிய்க்கலாம். சூடு எவ்வளவு என்பதைவிட அது அசையாமல் நிற்பதுதான் முக்கியம். அசையாமல் நிறுத்துவது அவன் தொழில். குளிருக்குச் செய்வதைச் சூட்டுக்குச் செய்தால் ஆயிற்று என்று நினைத்தான்.

அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் மாமனார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் அவருக்கு இன்னமும் கண்டக்டர் என்றுதான் பெயர். ரிட்டயர் ஆகி இத்தனை காலம் கழித்தும், போய்வந்த ரூட்டின் ஸ்டாப்புகளை வரிசை பிசகாமல் சொல்லிப் பார்ப்பார். மூளை சரியாக இருக்கிறதா என்று அவரே வைத்துக்கொள்ளும் பரீட்சை.

"பஸ் ஸ்டாண்டு, பெரிய பள்ளிக்கூடம், மணிக்கூண்டு, தண்ணித்தொட்டி..." நின்றார். உதடு மட்டும் அசைந்தது. "தண்ணித்தொட்டி..."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"விடுங்கப்பா. அப்புறம் சொல்லிக்கலாம்."

"அதுக்கப்புறம் ஒரு ஸ்டாப்பு இருக்கும்மா. நெறைய பேர் எறங்குவாங்க. கருப்புக் கோட்டு போட்டவங்களா எறங்குவாங்க." அவர் கண்களில் தெரிந்தது பயம். கூட்டத்தில் கை நழுவிய குழந்தையின் பயம். "என்னைய எறக்கி விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

கறி தட்டிலேயே ஆறியது. அவர் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் பேப்பரை மடித்துக்கொண்டே, கேட்காமலேயே பழைய கோர்ட்டு முதல் டிப்போ வரை மூச்சு விடாமல் ஒப்பித்தார். வீட்டுக்கு அதுதான் இன்னும் கலக்கமாக இருந்தது. ஒரேயடியாக மறந்துபோனால் மறதி என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிற வியாதிக்கு என்ன பெயர்?

"அண்ணன் போன் பண்ணான்," என்றாள் மனைவி. "மூளையில ஸ்கேன் எடுக்கச் சொல்றான். எடுத்துட்டு, இப்படிப்பட்டவங்களப் பாத்துக்கற எடத்துல சேத்துரலாமாம். கேஸத் தெறந்து வெச்சுட்டு மறந்துட்டார்னா என்ன பண்ணுவேன்னு கேக்குறான்." நெற்றியைத் தேய்த்தாள். "இதையே நெனச்சு நெனச்சு எனக்கும் ஞாயித்துக்கிழமையானா தலைவலி."

அவன் அவளைப் பார்த்தான். என்னவோ மனதில் ஓரமாக வந்து நின்றது, பிடிபடவில்லை.

சனிக்கிழமை புது அடுப்பு பார்க்கப் போனான். பயமாக இருக்கும்போது அவனுக்குக் கருவிகளைப் பார்க்க வேண்டும். கருவிகள் ஏன் கெடுகின்றன என்று சொல்ல முடியும். கடையில் மூன்று வகை இருந்தன. ஒன்று அவனுடையதைப் போன்ற தகர டிரம். மெல்லிய தோல், ஒரு காற்றடித்தால் சூட்டைக் கொட்டிவிடும். இன்னொன்று மின்சாரப் பெட்டி. கம்பி சூடாகும், தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். சூடு நிற்கும், ஆனால் மரத்தூள் லேசாகக் கருகும் புகை மட்டும்தான், கரியின் மணம் வராது. மூன்றாவது முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு. கை அகலச் சுவர். ஒருமுறை சூடேறிவிட்டால் பீங்கான் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். கொஞ்சம் கரி போதும், கொஞ்சம் காற்று போதும். ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று விற்கிற பெண் சொன்னபோது அவன் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தான்.

"எதுவா இருந்தாலும் வெளிய தெறந்த எடத்துல வெக்கணும், சார்," என்று பக்கவாட்டு ஸ்டிக்கரைக் காட்டினாள். வீட்டின் படம், அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி.

"நம்ம வீட்டுல புகைக்குழாய் கூரைக்கு மேல போகுதும்மா," என்றான் பெருமையாக. "ஒரு பொட்டுப் புகை உள்ள வராது." குழாய் போடத் தெரியாதவர்களுக்கான எச்சரிக்கை அது என்று நினைத்துக்கொண்டான். பீங்கான் அடுப்புக்குப் பணம் கட்டினான்; அடுத்த வாரம் வீட்டுக்கு வரும் என்றார்கள்.

மறுநாள் ஞாயிறு. டிரம்தான் குற்றவாளி என்று நிரூபித்துவிட வேண்டும் போலிருந்தது. மதியம் நெருங்கியதும் டிஷ்யூ பேப்பரில் ஒரு நீள நாடாவைக் கிழித்துக்கொண்டு சார்ப்புக்குள் போனான். கிடங்குக் கதவுகளில் அவன் தினமும் செய்வது இதுதான். எந்த மெஷினுக்கும் தெரியாத கசிவு அந்தக் காகிதத்துக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தலையாட்டும். மூடியின் இடுக்கில் பிடித்தான், அசையவில்லை. அடிக் காற்றுவாயருகே பிடித்தான். நாடா உள்நோக்கி வளைந்தது. சரிதான். சூடான புகை குழாய் வழியாக மேலே போகும்போது அதன் இடத்துக்குக் கீழேயிருந்து புதுக் காற்று போகும். டிரம் மூச்சு விடுகிறது.

ஜன்னலுக்கு உள்ளே மாமனார் கட்டிலில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "பெரிய பள்ளிக்கூடம், மணிக்கூண்டு..."

அப்போது சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமத் தொடங்கியது.

கையிலிருந்த நாடா நிமிர்ந்தது. ஒரு கணம் நேராக நின்றது. பிறகு திரும்பி, அவன் முகத்தை நோக்கிப் படபடத்தது. காற்றுவாயிலிருந்து சூடு அவன் விரல்களில் பட்டது.

டிரம் மூச்சை மாற்றி விட்டது.

முள் இறங்கத் தொடங்கியிருந்தது. அவன் வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, முள் எண்பதைத் தொடும்வரை அதையே பார்த்தபடி யோசித்தான். ஃபேன் வீட்டுக்குள்ளிருந்த காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளின காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். எங்கிருந்து? எல்லா இடுக்கையும் அடைத்தவன் அவன். வழி ஒன்றே ஒன்று. எழுந்து மறுபடி சார்ப்புக்குள் போய், நாடாவை மாமனாரின் ஜன்னலுக்கு எடுத்துப்போனான். அருகே போவதற்குள்ளேயே அது கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல் இழுத்து, கொசுவலையில் போய் ஒட்டிக்கொண்டது.

வீடு சார்ப்பை உறிஞ்சுகிறது. அடைத்துவைத்த சார்ப்பு, குழாய் வழியாக வானத்தை உறிஞ்சுகிறது. மேலே போக வேண்டிய புகை கீழே வந்து, காற்றுவாய் வழியாக வெளியேறி, இந்த ஜன்னல் வழியாக உள்ளே போகிறது. கனிந்த கரியின் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இருக்கிற மணமெல்லாம் கறியுடையது. முள் இறங்கிய ஒவ்வொரு முறையும் அவன் காற்றுவாயை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டிருந்தான்.

உள்ளே முணுமுணுப்பு நின்றிருந்தது.

"மாமா," என்றான். "மாமா!"

வலைக்கு அப்பால் அவர் சுவரில் சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

எப்படி உள்ளே ஓடினான் என்று அவனுக்குப் பிறகு ஞாபகமில்லை. "ஃபேன நிறுத்து! கதவத் தெற, எல்லாத்தையும் தெற!" என்று கத்தியது மட்டும் தெரியும். அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினபோது தலை அவன் தோளில் கனமாக விழுந்தது. முன்வாசல் வழியாகத் தெருவுக்கே இழுத்துக்கொண்டு போனான். மனைவி பின்னாலேயே வந்து, தள்ளாடி, தூணைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா... அப்பா, இங்க பாருங்கப்பா." தெருவில் ஆட்கள் கூடினார்கள். அவர் மார்பு ஏறுகிறதா என்று மெக்கானிக் பார்த்துக்கொண்டே இருந்தான். வாழ்நாளில் எந்த முள்ளையும் அவன் அப்படிப் பார்த்ததில்லை. ஏறியது. நின்றது. ஏறியது. பிறகு அவர் ஒருபக்கமாகச் சாய்ந்து வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். ரத்தத்தில் கரிப்புகை வாயு என்றார் டாக்டர். "மறதி நோயெல்லாம் இல்ல. மூளைக்கு மூச்சு கெடைக்கல, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா..." என்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் போன பிறகு மனைவி முகமூடியை விலக்கினாள்.

"எத்தன ஞாயிறுங்க?"

அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். அவள் மறுபடி முகமூடியைப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பீங்கான் அடுப்பு வந்தது. அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் முற்றத்தில் கிடந்தது. அவன் டிரம்மைக் கழற்றினான், ஷீட்டைக் கிழித்தெறிந்தான், கூரை ஓட்டையை அடைத்தான், ஜன்னல்களின் ரப்பர் பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தான். மாமனாரின் தலைமாட்டில், விஷவாயு வந்தால் கத்துகிற அலாரத்தை மாட்டினான். தினமும் அதன் பட்டனை அமுக்கி, கத்துகிறதா என்று பார்த்தான். மாமனார் காதைப் பொத்திக்கொண்டார்.

"போதும் மாப்ளே. நீங்க செக்கிங் பண்றதப் பாத்தா நான் டிக்கெட் எடுக்காம ஏறின மாதிரி இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பெட்டியப் பிரிங்க. இல்லன்னா எம் பொண்ணு அதப் பாக்கும்போதெல்லாம் உங்கள அந்த மாதிரியே பாத்துட்டிருப்பா."

ஞாயிறன்று முற்றத்தின் கடைக்கோடியில், வேலியோரம் அடுப்பை வைத்தான். தீக்குச்சி கிழிக்கும்போது இரண்டு குச்சி அணைந்தன. மனைவி சமையலறை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடுப்பையும் அப்பாவின் ஜன்னலையும், இரண்டுக்கும் நடுவிலிருந்த தூரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போனாள். மதியம் நெருங்கியது. அவன் காகித நாடாவுடன் அடுப்பின் கீழ்வாயருகே மண்டியிட்டான். எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமியது.

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "...மணிக்கூண்டு, தண்ணித்தொட்டி..."

நின்றது.

அவன் எழுந்திருக்க ஒரு காலை ஊன்றினான்.

"...இரு, பல்லு நழுவுது... பழைய கோர்ட்டு, ரயில்வே கேட்டு, மில்லு வாசல்..."

அடுப்பு, பக்கத்தில் சுவரோ கூரையோ ஜன்னலோ இல்லாத வெட்டவெளியில் நின்றது. மேல்வாய் முழுதாகத் திறந்திருந்தது. கீழ்வாய் தீக்குச்சி அகலம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முள் நூற்றுப்பத்தில் நின்றது. அவன் விரல்களில் காகிதம் உள்நோக்கியே வளைந்திருந்தது.