தீர்மானம் தோற்றது

ஆக்சிஜன் இயந்திரத்தின் சுவிட்சை மகள்தான் அணைத்தாள். மாதக்கணக்கில் அறையின் மூலையில் உறுமிக்கொண்டிருந்த பெட்டி ஒரு முறை குலுங்கிவிட்டு அடங்கியது. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. அம்மாவின் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி, கன்னத்தில் அது பதித்திருந்த தடத்தை விரலால் நீவிவிட்டாள். அப்போது அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. அப்பாடா என்றுதான் வந்தது.

வந்த வேகத்திலேயே அவளுக்குத் தன் மேல் கோபமும் வந்தது. பெற்ற தாய் கண் மூடிக் கிடக்கிறாள், அப்பாடாவாம்.

கட்டிலின் கால்மாட்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரம் நின்றாலும் ஏன் நின்றது என்று கேட்டே பழகியவர், இப்போது எதுவும் கேட்கவில்லை.

"பிளக்கையும் எடுத்துடும்மா" என்றார். "சூடா இருக்கும்."

அவள் எடுத்தாள். பிறகு இருவரும் சேர்ந்து அம்மாவின் தலையணையைச் சரிசெய்தார்கள். இனி அது எப்படி இருந்தால் என்ன என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அண்ணன் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டான். வெளியூரில் டைல்ஸ் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருப்பவன்; சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவான். வந்தவன் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவுடன் அவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாங்க."

யாரைப் பார்த்துச் சொன்னான் என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது. ஆனால் சுவருக்கு ஓட்டுரிமை கிடையாது. அப்பாவுக்கும் தங்கைக்கும்தான் உண்டு.

அம்மா உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. மலைகளையும் மன்னர்களையும் அவள் கடமைக்கு நடத்துவாள். மக்களாட்சிப் பாடம் வந்துவிட்டால் அடுத்த வகுப்புக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கும். பாடத்தை வகுப்பறையோடு விட்டுவிட்டு வரும் வழக்கமும் அவளுக்கு இல்லை. நாலு பேர் இருந்த வீட்டுக்கு ஒரு சபை வைத்தாள். தானே சபாநாயகர் ஆனாள். அதற்கு மட்டும் ஏன் தேர்தல் நடக்கவில்லை என்று அப்பா ஒரு முறை கேட்டு, முறைப்பு ஒன்றைப் பதிலாகப் பெற்றார்.

வீட்டில் எந்தப் பெரிய விஷயமானாலும் தீர்மானம், ரகசிய வாக்கெடுப்பு. பள்ளியிலிருந்து வரும் சாக்பீஸ்தான் வாக்குச்சீட்டு. வெள்ளை என்றால் தீர்மானத்துக்குச் சம்மதம், நீலம் என்றால் இல்லை. அப்பா ஓட்டை போட்டுக் கொடுத்த பழைய பிஸ்கட் டப்பா வாக்குப்பெட்டி. ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு நீலம். சமையலறைக்குள் தனியாகப் போய், விரும்பியதை டப்பாவில் போட்டுவிட்டு, மிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட வேண்டும். சபாநாயகருக்கு ஓட்டு இல்லை. எண்ணுவது அவள் வேலை. எத்தனைக்கு எத்தனை என்று அவள் சொல்லவே மாட்டாள்.

"மூணே ஓட்டு. கணக்குச் சொன்னா யார் எதுக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சுபோயிடும். அப்புறம் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உம்முன்னு உக்காந்திருப்பீங்க" என்பாள்.

ஆக, வென்றது அல்லது தோற்றது. அவ்வளவுதான் அறிவிப்பு. நாய் வளர்க்கும் தீர்மானம் அப்படித்தான் தோற்றது. அண்ணன் கணக்குப் பாடப் பிரிவை விட்டுவிடும் தீர்மானம் அப்படித்தான் வென்றது. அப்பா மீசையை எடுத்துவிட வேண்டும் என்ற தீர்மானமும் வென்றது. கயிறு முறுக்கியதுபோல் கம்பீரமான மீசை. அதை அன்றே மழித்துவிட்டு வந்து நின்றவர், இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்து, "பாவிகளா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் மீசை வைக்கவே இல்லை. சட்டம் சட்டம்தான்.

கடைசித் தீர்மானம் போன மாதம் வந்தது. நுரையீரலில் இன்னொரு அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம், கொஞ்ச காலம் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாய்களோடு கிடக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா டப்பாவை எடுத்துவரச் சொன்னாள்.

"இதுக்கெல்லாமா ஓட்டு?" என்று அண்ணன் கத்தினான். "நான் வெள்ளைதான். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"வாக்கு ரகசியம்" என்றாள் சபாநாயகர், மூச்சு வாங்கிக்கொண்டே. "தீர்மானம்: என்னை ஆஸ்பத்திரியில சேர்த்து ஆபரேஷன் பண்ணணும். போங்க, ஒவ்வொருத்தரா."

மகள் சமையலறையில் நெடுநேரம் நின்றாள். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை செய்கிறவள். பகலெல்லாம் அடுத்தவர்களுக்குப் பார்வை தெளிவாகிறதா என்று பார்த்துவிட்டு, இரவெல்லாம் அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையைப் போட நினைத்துத்தான் போனாள். முதல் ஆபரேஷனின்போது தூங்காமல் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரித் தாழ்வார நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. நீலத்தைப் போட்டாள். அம்மாவுக்கு வலிக்கக் கூடாது என்பதற்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தனக்குத் தூங்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. எவ்வளவு இருந்தது என்றுதான் அவளுக்கு அன்றிலிருந்து தெரியவில்லை.

அம்மா டப்பாவை மடியில் வைத்துத் திறந்து பார்த்தாள். மூடினாள். "தீர்மானம் தோற்றது" என்றாள். பிறகு, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள், டீ வேண்டும் என்றாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள். மகள்தான் தூங்கவில்லை. அண்ணன் வெள்ளை. அப்படியென்றால் தோற்கடித்தது அப்பாவின் நீலமும் தன் நீலமும். தான் கொஞ்சம் பொறுத்து வெள்ளையைப் போட்டிருந்தால் அம்மா பிழைக்க ஒரு வழி இருந்திருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இதே கணக்கு.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பின. பழைய மாணவிகள் கும்பலாக வந்து, சுவரோரம் நின்று, அழுவதற்கு முன் வரிசையாக நின்றுகொண்டார்கள்; பழக்கம் விடவில்லை. அம்மாவோடு வேலைபார்த்த தமிழ் டீச்சர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"ஒரு தடவை கிளாஸ் லீடர் எலெக்‌ஷன்ல ஒரே ஒரு ஓட்டு அதிகமா வந்துடுச்சு. மொத்தக் கிளாஸையும் மறுபடி ஓட்டுப் போட வெச்சாங்க உங்கம்மா. பெல் அடிச்சும் விடல. அப்படி ஒரு நேர்மை. உங்க வீட்டுலயும் அப்படித்தானாமே?"

"ஆமா டீச்சர்" என்றாள் மகள்.

அண்ணன் பக்கத்து நாற்காலியிலிருந்து, "ரொம்ப நேர்மை. அதான் இங்க உக்காந்திருக்கோம்" என்றான். டீச்சருக்குப் புரியவில்லை. புரிந்த அப்பாவும் மகளும் தரையைப் பார்த்தார்கள்.

வண்டி வந்தது. அம்மாவைக் கொண்டுபோனார்கள். ஆக வேண்டியதெல்லாம் முறையாக ஆயிற்று. திரும்பி வரும்போது மூவரும் ஒரே காரில் வந்தார்கள். அண்ணன் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டான், பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது என்பதற்காக.

வீட்டு வாசலில் மெடிக்கல் கடை வேன் நின்றது. வாடகைக் கட்டிலை எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"இன்னிக்கேவா வரணும்? மனுஷங்களாடா நீங்க?" என்று அண்ணன் பாய்ந்தான்.

"இன்னொரு பேஷன்ட் தரையில படுத்திருக்காங்க சார்" என்றார் வந்தவர்களில் மூத்தவர், தலையைச் சொறிந்துகொண்டு.

"எடுத்துக்கட்டும்டா" என்றார் அப்பா. "தரையில படுத்திருக்காங்களாம்."

அவர்கள் மெத்தையைச் சுருட்டியபோது, தலைமாட்டுக் கம்பிக்கும் மெத்தைக்கும் இடையிலிருந்து ஏதோ விழுந்து உருண்டது. பிஸ்கட் டப்பா. உள்ளே எதுவோ கலகலத்தது. எப்போதும் எண்ணி முடித்தவுடன் டப்பாவைக் காலிசெய்து அலமாரியில் வைத்துவிடுவது சபாநாயகர்தான். அந்த முறை அவளால் எழுந்து போக முடியவில்லை. ஓட்டு விழுந்த டப்பாவை வேறு யாரும் தொடக்கூடாது என்பது விதி என்பதால் ஒருவரும் அதைத் தேடவும் இல்லை.

கட்டில் வாசலைத் தாண்டும்வரை மகள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அறையில் யாரும் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. விதியை உண்டாக்கியவள் போய்விட்டாள். ஆனாலும் மூடியில் கை வைக்கும்போது அவளுக்குப் பயமாக இருந்தது. திறந்தாள்.

இரண்டு வெள்ளை. ஒரு நீலம்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். தூள்தான் விழுந்தது. இரண்டு வெள்ளை, ஒரு நீலம். நீலம் அவளுடையது. தீர்மானம் வென்றிருந்தது. அம்மா மடியில் வைத்து, கண்ணால் பார்த்து, வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள்.

ஒரு மாதமாக அவள் சுமந்த கணக்கே தப்பு. அவள் அந்தப் பளிச்சென்ற தரையில் அப்படியே உட்கார்ந்து, அன்று முதல் முறையாக வாய்விட்டு அழுதாள். என் ஓட்டு தோற்றுவிட்டது, என் ஓட்டு தோற்றுவிட்டது என்று அழுதாள். தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் எந்தத் தேர்தலிலும் இருந்திருக்க மாட்டார்கள்.

இதைக் காட்டாமல் இருந்துவிடலாம். காட்டினால் நீலம் யாருடையது என்ற கேள்வி வரும். கூடத்தில் அண்ணன் இன்னும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அப்பா அவனைவிட்டு எட்டி உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்துபோய் டப்பாவை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"எண்ணுங்க" என்றாள். "நீலம் என்னுது."

அண்ணன் எட்டிப் பார்த்தான். எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"ஒரு வெள்ளை நான்" என்றான். மெதுவாக அப்பா பக்கம் திரும்பினான். "இன்னொண்ணு?"

"நான் நீலம் போடுவேனாடா?" என்றார் அப்பா. "உங்கம்மாவை விட்டுட்டு நான் என்ன பண்ணப்போறேன்? வெள்ளைதான் போட்டேன். தோத்துடுச்சுன்னு சொன்னதும், நீ வெளியில ஒண்ணு கத்திட்டு உள்ள ஒண்ணு போட்டுட்டேன்னு நினைச்சேன். பாவம், அதான் இப்படி எரிஞ்சு விழறான்னு விட்டுட்டேன்."

"நானா? நான் உங்க ரெண்டு பேரையும்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. தங்கையைப் பார்த்தான்.

"எனக்குத் தூக்கம் வேணும்னு போட்டேண்ணா" என்றாள் அவள். சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. "அவங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னும்தான். ரெண்டும்."

அண்ணன் வெகுநேரம் சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். விரலெல்லாம் வெள்ளையானது.

"சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை போறவனுக்கு வெள்ளை போடறது ரொம்ப ஈஸி பாப்பா" என்றான். அவள் கையைப் பிடித்தான். அவள் விரலிலும் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

"அப்போ இது கள்ள ஓட்டு" என்றார் அப்பா, இன்னும் நம்ப முடியாமல்.

"ஓட்டு நல்ல ஓட்டுதான்ப்பா. எண்ணினதுதான் கள்ளம்" என்றான் அண்ணன்.

"அவங்களுக்கு வீட்டுலயே இருக்கணும்னு இருந்திருக்கு" என்றாள் மகள். "நேரா சொன்னா நீங்க ரெண்டு பேரும் விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டார்கள். காலைப் பிடித்துக் கெஞ்சியாவது கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். ஆனால் தோற்ற தீர்மானத்தை அந்த வீட்டில் யாரும் மறுபடி எடுத்ததில்லை. அது அம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

அப்பா டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதன் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். அவர் கை தானாக மேலுதட்டுக்குப் போனது.

"அப்போ... என் மீசை?"

"நான் நீலம்தான்ப்பா போட்டேன்" என்றான் அண்ணன். "எனக்கு அந்த மீசை ரொம்பப் பிடிக்கும். நீங்க சும்மா நடிக்கிறீங்க, நீங்களும் இவளும்தான் வெள்ளை போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நானா? நானும் நீலம். அப்பாவும் நீயும்தான்னு ஒரு வாரம் உன்கூடப் பேசல."

"நானும் நீலம்" என்றார் அப்பா.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அண்ணன். பிறகு மகள். அப்பா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார்; முடியவில்லை. "அடிப்பாவி, அடிப்பாவி" என்று சொல்லிச் சொல்லி, டப்பாவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். துக்க வீட்டிலிருந்து இப்படிச் சத்தம் வருகிறதே என்று பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

அன்று இரவு மகள் தூங்கினாள். காலையில் அண்ணன் போட்ட டீயை எடுத்துக்கொண்டு அவள் அப்பாவைத் தேடி வந்தபோது, அவர் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னம் முடிந்து, தாடை முடிந்து, கத்தியைக் கழுவி வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலுதட்டில் அவர் சோப்பே போட்டிருக்கவில்லை.