பச்சைத் தண்ணீருக்குள் கேப்டன்

தையல்காரி தோட்டத்துக் குளத்தில் முழங்கை வரை கையை விட்டாள். விரல்நுனி தெரிந்தது. பாதி தைத்த ஜாக்கெட்டை மெஷினிலேயே போட்டுவிட்டு வந்தவள், இனி தையலாவது ஒன்றாவது என்று அங்கேயே குந்திவிட்டாள்.

மாதக்கணக்கில் அந்தக் குளம் வெறும் பச்சைக் கூழாகத்தான் கிடந்தது. அதற்குள் கேப்டன் இருக்கிறானா, போய்ச் சேர்ந்துவிட்டானா என்பதே தெரியவில்லை. கேப்டன் என்பது வெளியூருக்கு வேலைக்குப் போன மகள் விட்டுச்சென்ற ஆரஞ்சு மீன். போன் செய்யும்போதெல்லாம் மகள் அவனைத்தான் முதலில் விசாரிப்பாள். "அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான்" என்று இவளும் வாய் கூசாமல் சொல்லிவிடுவாள். இன்று மாலை மகள் நேரிலேயே வருகிறாள்.

கணவர் பஸ் ஓட்டுநர். வாரம் தவறாமல் பாதித் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். பாசி மறுபடி வந்து பல்லைக் காட்டியது. கடைசியில் இருவருமாக வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரனிடம் போனார்கள்.

"தண்ணி கிடக்கட்டும். தீனி போடுறது யாரு?" என்றான் அவன்.

"நான்தான்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

காலையில் பஸ் எடுக்கப் போகுமுன் அவர் ஒரு பிடி. மனுஷன் மறந்திருப்பார் என்று இவள் ஒரு பிடி. மீன் தின்றது போக மிச்சமெல்லாம் பாசிக்கு விருந்து. கடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். ஒரே ஆள், ஒரு சிட்டிகை தீனி. வெயிலை மறைக்க அல்லிச் செடி. மற்றபடி சும்மா இருங்கள் என்று சொல்லி அனுப்பினான். சும்மா இருப்பதுதான் ஓட்டுநருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

"ஏங்க, அடியில செங்கல்லே தெரியுது, ஓடி வாங்க" என்று இன்று குளத்தருகே குந்தியபடியே கூவினாள்.

பாதிக் கன்னத்தில் ஷேவிங் சோப்போடு ஓடி வந்தார். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். செங்கல் தெரிந்தது, வேர் தெரிந்தது, எப்போதோ விழுந்த சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. மீனை மட்டும் காணோம். அவள் மறுபடி கையை விட்டுத் துழாவத் தொடங்கினாள்.

"இரு, பதறாத" என்றார். அவர் குரலே சரியாக இல்லை.

வாசலில் கார் வந்து நின்றது. அப்போதுதான் அல்லி இலைக்கு அடியில் ஏதோ அசைந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வால், பிறகு கொழுத்த வயிறு; ஒன்றுமே நடக்காததுபோல் கேப்டன் மெதுவாக வெளியே வந்தான். தையல்காரி கணவரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சந்தோஷம் தாங்கவில்லை, வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

மகள் பையைக்கூட இறக்காமல் பின்பக்கம் வந்தாள். "கேப்டன் எப்படிம்மா இருக்கான்?"

"இருக்கான்டி. வந்து பாரு. நிஜமாவே இருக்கான்."

"அதான் போன்ல எப்பவும் சொல்றியேம்மா" என்றாள் மகள். "அதுக்கு எதுக்கு அழுவுற?"