பதினான்கு படிகள்

யார் வீட்டுக்கும் போகாமல் எல்லார் வீட்டிலும் சட்டம் நடக்கிறதா என்று பார்ப்பதுதான் ஜனீன் ரஃபர்ட்டியின் வேலை. ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்துப் பல்லரட்டில் இருந்த அலுவலகத்தை முதலாளி டாரில் காலி செய்து நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இருபத்து மூன்று பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்துதான் சம்பாதிக்கிறார்கள். நாடு முழுக்க இருக்கும் கால்நடை மருத்துவமனைகளுக்கு வருகிற போனை எடுத்து, நாய்க்கு என்ன, குதிரைக்கு என்ன என்று விசாரித்து, டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுக்கும் வேலை.

வீட்டில் இருந்தாலும் வேலை நேரத்தில் ஆள் விழுந்தால் முதலாளிதான் பொறுப்பு. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாரும் ஒரு படிவம் நிரப்பி அனுப்புவார்கள். நாற்காலி சரியா, வெளிச்சம் போதுமா, வயர் காலில் தட்டுமா, படிக்கட்டு உண்டா என்று பதினெட்டு கேள்வி. கூடவே மேசையின் போட்டோ. ஜனீன் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. ஆட்கள் எல்லாரும் விக்டோரியா மாநிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். "மாநிலம் மாறினா இன்ஷூரன்ஸ் மாறும், லீவு மாறும், வரி மாறும். எனக்கு இருக்கிறது ஒரே தலை" என்று சொல்லி அந்த விதியை எழுதியவளும் ஜனீன்தான்.

அக்டோபர் முதல் திங்கட்கிழமை. எட்டு மணிக் கூட்டத்துக்குத் திரையில் இருபத்து இரண்டு முகம் வந்துவிட்டது. பிரான் கோட்லியை மட்டும் காணவில்லை. பத்து வருடமாக ஒரு நாளும் தாமதித்தவள் இல்லை. ஜனீன் போனைப் போட்டாள்.

"என்னடி, இன்னும் போர்வைக்குள்ளதானா? மணி எட்டு அஞ்சு."

"எட்டா? இங்க ஏழுதான..." பிரான் சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ, கடிகாரம்! இரு, இரு, போன்லயே கூட்டத்துக்குள்ள வந்துடறேன். கம்ப்யூட்டர் கீழ இருக்கு, இதோ இறங்கிட்டே..."

வந்தாள். திரையில் அவள் பெயர் மட்டும் எழுந்தது. டாரில், "வாங்க மகாராணி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தடதடவென்று காலடிச் சத்தம், மரம் முறிகிற சத்தம், அப்புறம் ஓர் அலறல். சிரிப்பு அப்படியே நின்றது.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று கால் மணி நேரம் கழித்து அவளே முனகினாள். எந்த ஆஸ்பத்திரி என்று ஜனீன் கேட்டாள்.

"பண்டபெர்க்."

பண்டபெர்க் குயின்ஸ்லாந்தில், கிட்டத்தட்ட இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. தெற்கே விக்டோரியாவில் அக்டோபரில் வசந்தம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். குயின்ஸ்லாந்துக்காரர்களுக்கு அந்தச் சங்காத்தமே கிடையாது. ஏப்ரலில் போனவளுக்கு ஆறு மாதம் இரண்டு ஊரிலும் ஒரே நேரம்தான் ஓடியது. மாட்டிவிட்டது முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைத் தள்ளியதுதான்.

ஏன் போனாள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பல்லரட்டில் அவள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். வேறு வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் வாசலில் நாற்பது பேர். பண்டபெர்க்கில் அண்ணன் வீடு இருந்தது. விதி தெரிந்தவள், வாயைத் திறக்காமல் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை ஜனீன் டாரில் வீட்டுக்குப் போனாள். கார் நிறுத்தும் கொட்டகையில், பழைய அலுவலகத்து நாற்காலிகளுக்கு நடுவே அவர் டீக்கோப்பையுடன் உட்கார்ந்திருந்தார்.

"பச்சைப் பொய், ஜனீன். ஆறு மாசமா நம்ம காதுல பூ சுத்தியிருக்கா. வாழைப்பழம் வளைக்கிறவங்கன்னு நாம கிண்டல் பண்ற குயின்ஸ்லாந்துக்குப் போயி ஒக்காந்துக்கிட்டு!"

"வீடு கிடைக்கலன்னா என்ன பண்ணுவா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா?"

"வேலைய விட்டுத் தூக்கியிருப்பேன்" என்றவர், தானே சிரித்துவிட்டு டீயை உறிஞ்சினார்.

குயின்ஸ்லாந்து காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்திருந்த கடிதத்தை அவளிடம் நீட்டினார். அதில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். விபத்து நடந்த இடம் நீங்கள் ஒப்புக்கொண்ட பணியிடமா? ஆம் என்றால், பிரானுக்குக் கால் கூடும்வரை சம்பளம் நிற்காது, அவளை வெளியே அனுப்புவதும் லேசில்லை. அங்கே காப்பீடு எடுக்காத குற்றமும் டாரில் தலையில் விழும். இல்லை என்றால், கணுக்காலில் தகடும் ஆறு திருகாணியுமாகப் படுத்திருப்பவளுக்குச் சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை.

"இல்லன்னு எழுதி அனுப்பு. அவ எங்க ஒக்காந்திருந்தான்னே நமக்குத் தெரியாது. அதுதான நிஜம்?"

"அதுதான் நிஜம்" என்றாள் ஜனீன். அப்போது அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பதில் எழுதுமுன் பிரானின் கோப்பைத் திறந்தாள். கடிதத்தோடு இணைக்க ஜூன் மாதப் படிவம் வேண்டும். முகவரி பல்லரட்டுதான், அது பொய். மற்றதெல்லாம் பிரான் உண்மையாகவே நிரப்பியிருந்தாள். வேலை செய்யும் இடத்துக்குப் போகப் படி உண்டா? 'உண்டு. வெளிப்புறம், பதினான்கு. மேலிருந்து மூன்றாவது படியில் கைப்பிடி ஆடுகிறது.'

போட்டோவைப் பெரிதாக்கினாள். குயின்ஸ்லாந்தில் கட்டுகிற மாதிரி உயரமான மரத்தூண்கள்மேல் நிற்கிற வீடு. அடியில் மேசை, பிரிண்டர். பிரிண்டர்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் தவளை சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. கையில்லாத சட்டையோடு பிரான் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதக் குளிரில் பல்லரட்டில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும். அந்த மாதத்தில் கையில்லாத சட்டை! கண் உள்ளவர் யாருக்கும் இது எந்த ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை.

கீழே அவளுடைய எழுத்து இருந்தது. 'பார்த்தேன். சரி. ஜனீன்.' பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வேறு. படிவம் வந்தது காலை பத்து பன்னிரண்டுக்கு, கையெழுத்து விழுந்தது பத்து பதின்மூன்றுக்கு. அன்று மதியச் சாப்பாட்டுக்குள் இருபத்து மூன்றையும் முடித்துவிட்டு நாயோடு நடக்கப் போனது அவளுக்கு நினைவு வந்தது.

பிரானைக் கூப்பிட்டாள். மறுபக்கம் குரல் உற்சாகமாகத்தான் இருந்தது.

"என் கம்ப்யூட்டர டாரில் அங்கிருந்தே பூட்டிட்டான்டி. போகுது விடு, நீ இருக்கல்ல. எனக்கு அது போதும்."

"நான் என்ன பண்ணேன்?"

"அடி போடி, ரொம்பத்தான். ஜூன்ல அந்த போட்டோவ அனுப்பிட்டு ரெண்டு நாளா சோறு எறங்கல. தவளைய வெரட்டியிருக்கலாம், சட்டைய மாத்தியிருக்கலாம், எதுவும் பண்ணல. மாட்டினா மாட்டிக்கிறேன்னு விட்டுட்டேன். நீ என்னடான்னா, பார்த்தேன் சரின்னு சிரிச்சு அனுப்புற! தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தியே, யாருடி செய்வா? இங்க எங்கண்ணன்கிட்ட தினம் உன் புராணம்தான்."

"உடம்பப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லி ஜனீன் போனை வைத்தாள்.

மறுநாள் காலை டாரிலிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"அது வேற யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்ட மட்டும்தான். அவளோடத பூட்டிட்டீங்களே."

"அப்போ..."

"அப்போ என்ன, டாரில்? வாயத் தொறந்து சொல்லுங்க."

"இதுல உன் வேலையும் போகும், தெரியும்ல?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார்.

"தெரியும்" என்றாள். பயமாகத்தான் இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினாள். அடுத்த கேள்வி, அந்த இடத்தைப் பற்றி நிறுவனத்தில் யாருக்கு, எப்போது தெரியும் என்பது. தெரிந்தே அனுமதித்தேன் என்று எழுதிவிடலாம். பிரான் நம்புவது அதைத்தான், கேட்கவும் நன்றாக இருக்கும். ஜனீன் ஒரு நிமிடம் அந்த ஆசையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள்: 'படிவமும் புகைப்படமும் ஜூனில் என்னிடம் வந்தன. படிக்காமலும் பார்க்காமலும் கையெழுத்திட்டேன்.' படிவத்தை இணைத்து அனுப்பினாள். பிரானுக்கும் ஒரு நகல் போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"படிக்கவே இல்லையா?"

"இல்ல."

"போட்டோவையும் பார்க்கல?"

"இல்லடி."

"அந்தத் தவளையக் கூடவா?"

"எதையும் பார்க்கல, பிரான். என்னை மன்னிச்சிடு. உனக்குச் சம்பளம் வந்துடும், வேலையும் போகாது. அதுல சந்தேகமே வேண்டாம்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"ஜூன்லயே எங்கண்ணன் ஆணியும் சுத்தியலும் எடுத்துட்டு வந்தான்" என்றாள் பிரான். "அந்தக் கைப்பிடிய அடிச்சு நிறுத்திடறேன்னான். நான்தான் வேணாம்னேன். ஜனீனே பார்த்துட்டு சரின்னு சொல்லிட்டா, அவசரமில்ல, கிறிஸ்துமஸுக்குப் பாத்துக்கலாம்னேன்."

அவள் போனை வைக்கவில்லை. ஜனீனும் வைக்கவில்லை.